எந்த பிரெக்னன்சி கிட் வாங்கலாம்? 50 ரூபாய் கேசட் முதல் டிஜிட்டல் வரை

மெடிக்கல் ஷாப்பில் ‘பிரெக்னன்சி கிட் ஒண்ணு குடுங்க’ என்றால் கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கொடுப்பது அநேகமாக பிரெகா நியூஸ், ஐ-கேன், வெலாசிட் இவற்றில் ஒன்றாக இருக்கும். விலை 50, 60 ரூபாயைச் சுற்றி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சரியான நாளில் சரியாகச் செய்தால் எதை வாங்கினாலும் ஒன்றுதான். பிராண்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கிட் பொய் சொல்வது அபூர்வம். ஆனால் அது பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: சிறுநீரில் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இருக்கிறதா, இல்லையா? வாங்குகிறவர் மனதில் இருக்கும் கேள்விகளோ வேறு. கரு தங்கியிருக்கிறதா, கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா, நன்றாக வளர்கிறதா, எத்தனை வாரம்? இந்த நான்குக்கும் கிட்டிடம் பதில் கிடையாது. குழப்பம், பயம், சில சமயம் உயிராபத்து எல்லாமே இந்த இடைவெளியிலிருந்துதான் வருகின்றன.

பெட்டியில் பார்க்க வேண்டியவை சில உண்டு. காலாவதித் தேதி எல்லோருக்கும் தெரியும். அடுத்தது உணர்திறன். மில்லி லிட்டருக்கு இத்தனை மில்லி யூனிட் ஹெச்.சி.ஜி. இருந்தால் கண்டுபிடிக்கும் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 25. மூன்றாவது, யாரும் பார்க்காதது, வைக்க வேண்டிய வெப்பநிலை. பொதுவாக 30 டிகிரிக்குள் என்று இருக்கும். சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத கடையின் முன்பக்கக் கண்ணாடி அலமாரி 30 டிகிரியில் நிற்காது. உள்ளே இருப்பது புரதம். சூட்டில் நாள்கணக்கில் கிடந்தால் அதன் திறன் குறையும், கோடு மங்கும். உள்ளே தள்ளி, நிழலில் அடுக்கியிருக்கும் கடையில் வாங்குங்கள். வீட்டிலும் பாத்ரூம் அலமாரி வேண்டாம். ஈரமும் இதற்கு எதிரி. அலுமினிய உறைக்குள் கேசட்டோடு (பரிசோதனைப் பட்டை இருக்கும் பிளாஸ்டிக் கூடு) கிடக்கும் சிறு பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம், ஆனால் உறையைப் பிரித்துவிட்டால் கிட்டை உடனே பயன்படுத்திவிட வேண்டும். காலையில் செய்யலாம் என்று இரவே பிரித்து வைப்பது தவறு.

உள்ளே என்ன இருக்கிறது

பிளாஸ்டிக் கேசட்டை நெம்பித் திறந்தால் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். சொட்டு விடும் குழிக்கு நேர் கீழே சிறுநீரை உறிஞ்சும் ஒரு பஞ்சுத் துண்டு. அதை ஒட்டி இன்னொரு சிறு துண்டு. அதில் மிக நுண்ணிய தங்கத் துகள்களில் ஒட்டிய எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) காய்ந்து கிடக்கும். கோடு இளஞ்சிவப்பாகத் தெரியக் காரணம் அந்தத் தங்கம்தான். அவ்வளவு சிறிய அளவில் தங்கம் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும். சிறுநீர் இந்தத் துகள்களைக் கரைத்துக்கொண்டு வெள்ளைச் சவ்வின் மேல் ஊர்ந்து போகும். ‘டி’ என்று குறித்த இடத்தில் ஹெச்.சி.ஜி.யை மட்டும் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருள் கோடாகப் பூசப்பட்டிருக்கிறது. ஹார்மோன் இருந்தால் அது தங்கத் துகளோடு சேர்த்து அங்கே மாட்டிக்கொள்ளும், கோடு தெரியும். இல்லையென்றால் துகள்கள் தாண்டிப் போய்விடும். ‘சி’ கோட்டில் பூசியிருப்பது துகள்களையே பிடிக்கும் பொருள். ஆகவே ‘சி’ வந்தால் திரவம் ஒழுங்காக ஓடியது, கிட் வேலை செய்தது என்று அர்த்தம். கர்ப்பத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

‘சி’ வரவில்லையென்றால் ‘டி’ எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அந்த கிட் செல்லாது. வேறொன்று வாங்க வேண்டியதுதான்.

இதே பட்டையைப் பிளாஸ்டிக் இல்லாமல் தனியாக விற்பது ஸ்ட்ரிப். கப்பில் நனைத்து எடுக்க வேண்டும். மொத்தமாக வாங்கினால் மலிவு. கருத்தரிப்புக்காக மாதாமாதம் பார்க்கிறவர்களுக்கு ஏற்றது. ஒரு தொல்லை என்னவென்றால், பட்டையில் குறித்திருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி நனைத்துவிட்டால் சவ்வு நேராக நனைந்து பரிசோதனை பாழாகும். நேராகச் சிறுநீர் கழிக்கும்போதே பிடிக்கிற ‘மிட்ஸ்ட்ரீம்’ வகை வசதிதான், விலை கூடுதல். டிஜிட்டலைப் பற்றிப் பின்னால்.

இப்படி ஒரு பொருள் கைக்குக் கிடைத்ததே அதிசயம் என்பதையும் சொல்ல வேண்டும். 1960 வாக்கில்கூட ஆய்வகங்களில் பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்கப் பெண் தவளைக்கு ஊசி போட்டு, அது முட்டையிடுகிறதா என்று காத்திருந்தார்கள். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் வந்த முதல் வீட்டு கிட்டில் டெஸ்ட் டியூப், ஆட்டு ரத்த அணு என்று ஒரு குட்டி ஆய்வகமே இருந்தது. முடிவு தெரிய 2 மணி நேரம். இன்றைய பட்டை வகை 1988-இல் வந்தது.

எந்த நாளில் செய்வது

இங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள். கரு உருவான உடனே ஹெச்.சி.ஜி. சுரக்காது. சினைமுட்டை வெளியேறி, கருக்குழாயில் விந்தணுவோடு சேர்ந்து, பிரிந்து பெருகிக்கொண்டே கர்ப்பப்பைக்கு வந்து, அதன் சுவரில் பதிந்த பிறகுதான் ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கத் தொடங்கும். முட்டை வெளியான 6-ஆம் நாள் முதல் 12-ஆம் நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் பதியலாம். பெரும்பாலும் 8, 9, 10-ஆம் நாள்களில். அதன் பின் ஆரம்ப வாரங்களில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை அளவு இரட்டிப்பாகிக்கொண்டே போகும்.

28 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை ஏறத்தாழ 14-ஆம் நாள் வெளியாகும். முட்டை வெளியானதிலிருந்து 8-ஆம் நாள் கரு பதிந்திருந்தால், நாள் தள்ளிப்போன அன்று கோடு பளிச்சென்று வரும். 12-ஆம் நாள் பதிந்திருந்தால் அன்று ஹார்மோன் 25-ஐ எட்டியிருக்காது. கிட் ‘இல்லை’ என்றே சொல்லும். 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மாதவிலக்கு வர வேண்டிய நாளில் பத்தில் ஒரு கருவாவது இன்னும் பதியாமல் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. எவ்வளவு உயர்ந்த கிட் ஆனாலும் பதியாத கருவைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே 99 சதவீதம் துல்லியம் என்ற விளம்பர எண்ணை நாள் தள்ளிப்போன அன்று காலையோடு பொருத்திப் பார்க்க வேண்டாம். ஒரு வாரம் பொறுத்துச் செய்தால்தான் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும்.

சுழற்சி 35 நாள், 40 நாள் என்று இழுப்பவர்களுக்கு, பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு, ‘நாள் தள்ளிப்போச்சு’ என்பதற்கே நிலையான பொருள் இல்லை. 35 நாள் சுழற்சியில் முட்டை வெளியாவது 21-ஆம் நாள் வாக்கில். 30-ஆம் நாள் செய்து ‘ஒரு கோடுதான்’ என்று வருந்துவதில் அர்த்தமே இல்லை. பிரசவத்துக்குப் பின் பாலூட்டும் காலத்தில் மாதவிலக்கு திரும்பாதவர்களுக்கும் இதே சிக்கல். இவர்களுக்கெல்லாம் ஒரே கணக்கு: கடைசியாக உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துச் செய்யுங்கள்.

நாள் தள்ளிப்போவதற்கு 5 நாள் முன்பே தெரியும் என்று விற்கும் கிட்கள் வெளிநாடுகளில் நிறைய. உணர்திறன் கூடுதல் என்பது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பதிந்த கருக்களில் ஐந்தில் ஒன்று போல, வெளியே தெரியும் முன்பே கலைந்து, இரண்டு நாள் தாமதமான மாதவிலக்காக முடிந்துவிடுகின்றன. காத்திருந்தால் தெரியாமலே போயிருக்கும் இழப்பு, முந்திப் பார்த்தவருக்கு இரண்டு கோடு வந்து மறைந்த துக்கமாக மிஞ்சும்.

செய்யும் முறை, கெடும் இடங்கள்

காலையில் எழுந்ததும் முதல் சிறுநீர். இரவு முழுக்கத் தேங்கியிருப்பதால் ஹார்மோன் செறிவாக இருக்கும். அது முடியாதென்றால் 4 மணி நேரம் அடக்கிவைத்த சிறுநீர். ‘சிறுநீர் வரட்டும்’ என்று இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுச் செய்வது ஆரம்ப நாள்களில் பொய்யான ‘இல்லை’க்கு நேர் வழி. பிடிக்கும் கப் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். சோப்புப் படலம் இருந்தால் முடிவு கெடும்.

கேசட்டைச் சமதளத்தில் வையுங்கள், கையில் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டாம். கூடவே வரும் டிராப்பரைச் செங்குத்தாகப் பிடித்து, குழியில் 3 சொட்டு. சில கிட்களில் 2. உள்ளே உள்ள தாளைப் பாருங்கள். டிராப்பரைச் சாய்த்துப் பிடித்தாலோ காற்றுக்குமிழி வந்தாலோ சொட்டின் அளவு மாறிவிடும். குறைந்தால் திரவம் பாதியில் நின்று ‘சி’ கோடே வராது. அள்ளி ஊற்றினால் சவ்வு மூழ்கி, பின்னணி முழுக்க ரோஜா நிறம் தீற்றிக்கொண்டு எதுவும் புரியாது. சொட்டு விட்டதும் ஜன்னலில் இளஞ்சிவப்பு அலை ஒன்று நகர்ந்து போவது தெரியும். அது கடந்து பின்னணி வெளுக்கும் வரை எதையும் முடிவு செய்யாதீர்கள்.

5 நிமிடத்தில் பார்க்க வேண்டும். 10 நிமிடம் தாண்டியபின் தெரிவது எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது. குப்பைக்கூடையில் போட்ட கிட்டை மாலையில் எடுத்துப் பார்த்து ‘இரண்டாவது கோடு வந்திருக்கே’ என்று திகைப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஈரம் காய்ந்த தடம். அதை அடையாளம் காண்பது எளிது. அது சாம்பல் நிறத்தில், மெல்லிய கீறலாக இருக்கும். உண்மையான கோட்டுக்கு நிறம் உண்டு. இளஞ்சிவப்போ ஊதாவோ, ‘சி’ கோட்டின் அதே அகலத்தில், மேலிருந்து கீழ் வரை முழுசாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். போனில் படம் எடுத்து நிறத்தைத் திருப்பிப் போட்டுத் தேடினால் இல்லாத கோடுகூடத் தெரியும்.

நேரத்துக்குள் வந்த மங்கலான கோடு, நிறம் இருந்தால், பாசிட்டிவ்தான். ‘பாதி கர்ப்பம்’ என்று எதுவும் இல்லை. 48 மணி நேரம் கழித்து இன்னொரு கிட்டில் பாருங்கள். ஆனால் நாளுக்கு ஒன்றாகச் செய்து கோடு கறுக்கிறதா என்று அடுக்கிவைத்துப் பார்ப்பது வீண்செலவு. குடித்த தண்ணீரின் அளவே கோட்டின் அடர்த்தியை மாற்றிவிடும். அளவு ஏறுகிறதா என்று தெரிய வேண்டுமானால் ரத்தத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி. எடுப்பதுதான் வழி, சில நூறு ரூபாய் ஆகும், எண்ணாகவே வரும். 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

சர்க்கரை, உப்பு, டூத்பேஸ்ட் போட்டுப் பார்க்கும் வீட்டு வைத்தியச் சோதனைகளைப் பற்றி எழுதவே வேண்டாம்; எதுவும் வேலை செய்யாது.

தப்பாகக் காட்டும் சந்தர்ப்பங்கள்

காய்ச்சல் மாத்திரை, ஆன்டிபயாடிக், கருத்தடை மாத்திரை எதுவும் முடிவை மாற்றாது. மாற்றுவது ஹெச்.சி.ஜி. ஊசிதான். குழந்தையின்மைச் சிகிச்சையில் முட்டை வெடிக்கப் போடும் ஊசியில் இருப்பது அதே ஹார்மோன், 5,000 அல்லது 10,000 யூனிட். அது உடம்பிலிருந்து இறங்க 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் வரும் இரண்டு கோடு ஊசியின் கோடு.

கலைந்த பிறகும், கலைத்த பிறகும் இதே கதை. கருக்கலைப்பு முழுமையாக முடிந்திருந்தாலும் 4 வாரம் வரைகூட கிட் பாசிட்டிவ் காட்டலாம். ஒரு வாரத்தில் செய்து பார்த்து, ‘மாத்திரை வேலை செய்யலை’ என்று மறுபடி வாங்கி விழுங்குவது ஆபத்து.

எதிர்ப்பக்கத்தில் விசித்திரமான ஒரு பிழை உண்டு. ஹெச்.சி.ஜி. 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். லட்சத்தைத் தொடுவதும் சாதாரணம். அளவு மிதமிஞ்சிப் போனால் பட்டையில் உள்ள எதிர்ப்பொருள் எல்லாம் தனித்தனியே நிரம்பிவிடும், தங்கத் துகளில் உள்ளதும் ‘டி’ கோட்டில் உள்ளதும் ஒரே ஹார்மோனைச் சேர்ந்து பிடிக்க முடியாது, கோடு மங்கும் அல்லது வராது. நாள் தள்ளி இரண்டு மாதம், வாந்தி, மயக்கம் எல்லாம் இருந்தும் கிட் ‘இல்லை’ என்றால் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரைப் பத்து மடங்கு தண்ணீர் விட்டுக் கலந்து செய்தால் கோடு வந்துவிடும். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் (கரு ஒழுங்காக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு கொத்தாக வளர்வது) ஹார்மோன் அளவு மிக அதிகமாக இருக்கும் என்பதால் அங்கே இந்தப் பிழைக்கு வாய்ப்பு கூடுதல். அதனால் கோட்டோடு விடாமல் ஸ்கேன் பார்த்துவிட வேண்டும்.

கிட்டால் பார்க்க முடியாத இடம்

நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ கர்ப்பப்பைக்கு வெளியே பதிகிறது, பெரும்பாலும் கருக்குழாயில். அங்கேயும் ஹெச்.சி.ஜி. சுரக்கும், கிட்டில் இரண்டு கோடு வரும். நல்ல கர்ப்பத்தின் கோட்டுக்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. குழாய் விரிந்து கொடுக்காது. 6 முதல் 8 வாரத்தில் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். பாசிட்டிவ் வந்த பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, விட்டுவிட்டுக் கறை படுவது, தோள்பட்டை முனையில் காரணமில்லாத வலி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது — இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. தோள்வலிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். வயிற்றில் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது அந்த வலி தோளில்தான் உணரப்படும். முன்பு இதேபோல் குழாயில் தங்கியவர்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகு கருத்தரித்தவர்கள், காப்பர்-டி இருக்கும்போதே பாசிட்டிவ் வந்தவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் முந்தியே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

கருக்கலைப்பு மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்குவதில் உள்ள முதல் ஆபத்தும் இதுவே. கர்ப்பப்பைக்குள் இருக்கும் கருவுக்குத்தான் அந்த மாத்திரை. குழாயில் இருப்பதை அது ஒன்றும் செய்யாது. ரத்தப்போக்கு வந்துவிடும், ‘முடிந்தது’ என்று நினைப்பார்கள், குழாய்க் கரு வளர்ந்துகொண்டிருக்கும். இந்தியச் சட்டப்படி 9 வாரம் வரை மாத்திரை முறை உண்டு, பதிவு பெற்ற மருத்துவர் வழியாக. வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் முதலில் கரு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது உயிர் காக்கும் காரியம்.

ஸ்கேனுக்கும் அவசரப்பட வேண்டாம். பாசிட்டிவ் வந்த மறுநாளே போனால் ‘ஒண்ணும் தெரியலை, பத்து நாள் கழிச்சு வாங்க’ என்பார்கள். பயந்ததும் பணம் போனதும்தான் மிச்சம். கருவைச் சூழ்ந்த நீர்ப்பை ஒரு வளையமாகத் தெரிவது 5 வாரம் வாக்கில், இதயத் துடிப்பு தெரிவது 6 வாரத்தில், அதுவும் உள்வழி (யோனி வழி) ஸ்கேனில். வலி, கறை எதுவும் இல்லாதவர்கள் 7 அல்லது 8-ஆம் வாரத்தில் போனால் ஒரே ஸ்கேனில் இடம், துடிப்பு, எண்ணிக்கை, வாரம் நான்கும் தெரிந்துவிடும். 8 வாரக் கருவின் நீளம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். இந்த நீளத்தை வைத்துச் சொல்லும் வாரக் கணக்கு 5 நாள் முன்பின்னாகச் சரியாக இருக்கும். கடைசி மாதங்களில் எடுத்த ஸ்கேனில் அந்தப் பிழை மூன்று வாரம் வரை போகும். பிரசவத் தேதியை முதல் ஸ்கேனில் உறுதி செய்து, பிறகு மாற்றாமல் இருப்பது இதனால்தான்.

கோடு வந்த அன்று உள்ளே என்ன நடக்கிறது

நாள் தள்ளிய அன்று கோடு வந்தால் மருத்துவக் கணக்கில் அது 4 வாரக் கர்ப்பம். ‘சேர்ந்து இரண்டு வாரம்தானே ஆகுது?’ என்று வீட்டில் சண்டைகூட வருவதுண்டு. கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது, முதல் இரண்டு வாரம் கருவே கிடையாது. அந்தத் தேதியைச் சொல்வதிலும் ஒரு வழக்கமான பிசகு இருக்கிறது. ரத்தம் பட்ட முதல் நாளுக்குப் பதில் தலைக்குக் குளித்த மூன்றாம், நாலாம் நாளைச் சிலர் சொல்கிறார்கள். முதல் நாளைத்தான் சொல்ல வேண்டும். அதோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பிரசவத் தேதி. மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. சுழற்சி 35 நாள் என்றால் இன்னும் 7 நாள் கூட்டி டிசம்பர் 24. சரியாக அந்தத் தேதியிலேயே பிள்ளை பெறுபவர்கள் நூறில் நான்கைந்து பேர்தான். 37 வாரம் முடிந்தாலே இறுதிக் கட்டம் என்று தயாராக இருக்க வேண்டும்.

4 வாரத்தில் கரு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. இரண்டே அடுக்குள்ள ஒரு தட்டு. அடுத்த இரண்டு வாரத்தில் நடப்பதுதான் பெரிய வேலை. மூன்றாவது அடுக்கு உருவாகி, முதுகுப் பக்கம் ஒரு பள்ளம் விழுந்து, அதன் இரு கரையும் மேலே மடிந்து ஒட்டிக் குழாயாகும். அதுவே மூளையும் தண்டுவடமும். 6-ஆம் வாரத்தோடு குழாய் மூடியாக வேண்டும். எங்காவது மூடாமல் நின்றால் முதுகில் பிளவு, மண்டையோடு உருவாகாமை போன்ற குறைகள். மூடுவதற்குத் துணை நிற்பது ஃபோலிக் அமிலம், தினம் 400 மைக்ரோகிராம். டாக்டரைப் பார்த்து, டெஸ்ட் எல்லாம் எடுத்து, 8-ஆம் வாரத்தில் மாத்திரை தொடங்கினால் இந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அது பிந்திப் போன மாத்திரை. கருத்தரிக்க நினைப்பவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். தொடங்காதவர்கள் கோடு வந்த அன்றே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்பு மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ அளவு கூடும்; அது மருத்துவர் சொல்ல வேண்டியது.

10 வாரத்துக்குள் உறுப்புகளின் அடிப்படை அமைப்பு முடிந்துவிடும். ஆகவே ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளைப் பற்றிக் கோடு வந்த அன்றே கேட்டாக வேண்டும். பருவுக்குப் போடும் ஐசோட்ரெட்டினாயின், மூட்டு நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் இரண்டில் எது இருந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். வலிப்பு, ரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது. அன்றே பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் உள்ளவர்கள் நடுவில் ரத்தப்போக்கு வந்தால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

இவ்வளவும் நடக்கும் இரண்டு வாரத்தைப் பற்றி கிட் பெட்டியில் ஒரு சீட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்? ‘நல்ல செய்தி’ என்று விளம்பரப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு ‘இன்றே ஃபோலிக் அமிலம், 7-ஆம் வாரம் ஸ்கேன், ஒரு பக்க வலி வந்தால் ஆஸ்பத்திரி’ என்று மூன்று வரி அச்சடிப்பது செலவே இல்லை. இந்தப் பொருள்கள் மேல் உள்ள பெரிய குறை இதுதான்.

டிஜிட்டலும், இலவசமும்

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் வாங்கி அனுப்பும் கிளியர்புளூ டிஜிட்டல் திரையில் எழுத்தாகவே பதில் காட்டும். உடைத்துப் பார்த்தால் உள்ளே அதே காகிதப் பட்டைதான்; கோட்டை நம் கண்ணுக்குப் பதில் ஒரு சிறு விளக்கும் சென்சாரும் படிக்கின்றன. கோடு மங்கலா இல்லையா என்ற தவிப்பு இல்லை என்பதே அதன் ஒரே லாபம். வாரம் காட்டும் வகையும் உண்டு: 1-2, 2-3, 3-க்கு மேல் என்று. இது கருத்தரித்ததிலிருந்து எண்ணுவது. 2-3 என்று காட்டினால் மருத்துவக் கணக்கில் 4 முதல் 5 வாரம். இந்த இரண்டு வார வித்தியாசம் தெரியாமல், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு வளர்ச்சி கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று குழம்ப வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறிய, பேட்டரியோடு கூடிய ஒரு பொருளுக்கு அதன் விலை அதிகம்தான்.

வாங்குவதென்றால் சாதாரண கேசட் இரண்டாக வாங்குங்கள். ஒன்று நாள் தள்ளி ஒரு வாரம் கழித்து. ‘இல்லை’ என்று வந்தும் மாதவிலக்கு வராவிட்டால் இன்னும் ஒரு வாரம் கழித்து இரண்டாவது. அதிலும் ‘இல்லை’ என்றால் மூன்றாவது கிட் வாங்கும் காசை மருத்துவருக்குக் கொடுக்கலாம். நாள் தள்ளிப்போக தைராய்டு, பி.சி.ஓ.எஸ்., உடல் எடை என்று வேறு காரணங்கள் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் காசே தேவையில்லாத வழியும் இருக்கிறது. துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதாரச் செவிலியர் இதே சிறுநீர்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார். கடை கிட்டைவிட இது ஒரு படி மேல். பாசிட்டிவ் என்றால் அங்கேயே பதிவு நடக்கும், ஃபோலிக் அமில மாத்திரையும் கைக்கு வரும், ரத்தப் பரிசோதனைகளும் தொடங்கும். பதிவில் கிடைக்கும் 12 இலக்க பிக்மி எண் பின்னால் பிறப்புச் சான்றிதழ் வரை தேவைப்படும். தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்களுக்கும் இந்த எண் வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 ரொக்கம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும் இந்த உதவிக்கு 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். போகும்போது ஆதார், பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், கடைசி மாதவிலக்கின் முதல் நாள் தேதி மூன்றையும் கையில் வைத்திருங்கள்.